கண்டுபிடித்தாகிவிட்ட ஈர்ப்பு அலையில் இனி என்ன வேலை?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகள் மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஈர்ப்பு அலை ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். அதை 2015-லேயே கண்டுபிடித்து நோபலும் கொடுத்தாகிவிட்டதே, இனி அதில் என்ன மிச்சம்? தேனியில் நியூட்ரினோ திட்டம் நின்றுபோன மாதிரி இந்த லைகோ இந்தியாவும் நின்றுபோனால் பிள்ளையின் கதி என்ன?" ஈர்ப்பு அலை என்பது பெரும் நிறைகள் சுற்றும்போதும் மோதும்போதும் வெளியில் பரவும் நெளிவு; லைகோ அதைக் கேட்கும் அமெரிக்கக் கருவி; லைகோ இந்தியா அதே மாதிரி இங்கே கட்ட எடுத்திருக்கும் நிலையம். ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அறிவியலில் வேலை மிச்சம் இருக்கிறதா, இந்தியாவில் அந்தக் கருவி வருமா, மதுரையில் ஒரு சாதாரணக் கல்லூரியில் படிக்கும் பெண் அதற்குள் நுழைய முடியுமா. மூன்றுக்கும் ஒரே அளவு உறுதியோடு பதில் சொல்ல முடியாது. முதலாவதற்கு ஆம் என்று அழுத்திச் சொல்லலாம். இரண்டாவதற்கு வரும், ஆனால் சொன்ன தேதியில் முழு பலத்தோடு வராது என்பேன். மூன்றாவது, அவள் இந்த ஓரிரு வருஷத்தில் கையால் என்ன செய்து பழகுகிறாள் என்பதைப் பொறுத்தது.

2015 செப்டம்பர் 14 அன்று, நம் நேரம் பிற்பகல் 3.20-க்கு, அமெரிக்காவின் லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு ஆகிய இரண்டு லைகோ நிலையங்களிலும் 0.2 நொடி நேரம் ஒரு துடிப்பு பதிவானது. சூரியனைப் போல 36 மடங்கு, 29 மடங்கு நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒன்றாகி 62 மடங்கு நிறையுள்ள ஒரே கருந்துளையானதன் பதிவு அது. விட்டுப்போன மூன்று சூரிய நிறையும் ஈர்ப்பு அலையாக வெளியேறிவிட்டது. அவ்வளவு ஆற்றல் கிளம்பியும் இங்கே வந்து சேர்ந்தபோது 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவிக் கையின் (லேசர் ஓடும் குழாயின்) நீளத்தை அது மாற்றிய அளவு ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்குதான். இந்த அளவை எடுக்க முடியும் என்று காட்டியதற்குத்தான் 2017-இல் ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தார்ன் மூவருக்கும் நோபல். அதாவது அந்தப் பரிசு கதவைத் திறந்ததற்கு. 2025 ஆகஸ்டில் வெளியான பட்டியலில் இத்தகைய நிகழ்வுகள் 218. அதற்குப் பிறகும் லைகோவின் நான்காவது கண்காணிப்புச் சுற்று அந்த ஆண்டு நவம்பர் வரை ஓடியிருப்பதால் இன்னும் சேர வேண்டியவை உண்டு.

எண்ணிக்கை கூடுவதில் என்ன பெருமை என்று தோன்றலாம். இங்கே ஒரு இயற்பியல் நுணுக்கம் இருக்கிறது. தொலைநோக்கி அளப்பது ஒளியின் செறிவை. தூரம் இரட்டித்தால் அது நாலில் ஒன்றாகும். ஈர்ப்பு அலைக் கருவி அளப்பது அலையின் வீச்சை. தூரம் இரட்டித்தால் அது பாதியாகத்தான் குறையும். அதனால் கருவியின் இரைச்சலைப் பாதியாக்கினால் எட்டும் தூரம் இரண்டு மடங்கு, எட்டும் கன அளவு எட்டு மடங்கு, நிகழ்வுகளும் ஏறக்குறைய எட்டு மடங்கு. 2015-இல் லைகோ இரட்டை நியூட்ரான் விண்மீன்களை (செத்த பெரு விண்மீன்களின் அடர்ந்த மிச்சங்களை)ச் சராசரியாக 26 கோடி ஒளியாண்டு வரை கேட்டது. சமீபத்திய சுற்றில் சுமார் 52 கோடி. இந்தத் துறையில் ஒரு சின்ன இரைச்சலைக் குறைக்கப் பத்து வருஷம் உழைக்கிறார்கள் என்றால் காரணம் இந்தக் கணக்குதான்.

எண்ணிக்கையோடு தெளிவும் கூடியிருக்கிறது. 2025 ஜனவரி 14 அன்று பதிவான நிகழ்வு, முதல் நிகழ்வைப் போலவே 30, 40 சூரிய நிறைக் கருந்துளைகள், ஏறக்குறைய அதே தூரம். ஆனால் இரைச்சலுக்கு மேல் சமிக்ஞை எழுந்த அளவு 2015-இல் 24 என்றால் இதில் 80. இந்தத் தெளிவில், இணைந்த பிறகு புதுக் கருந்துளை அதிர்ந்து அடங்குவதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அப்படி ஓர் அதிர்வு இருக்க வேண்டும் என்று 1970-இல் கணக்கிட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா, அது கேட்பதற்கு அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்த நிகழ்வில் இரண்டு கருந்துளைகளின் மேற்பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். இணைந்த பிறகு சுமார் 4,00,000. கருந்துளையின் பரப்பு குறையாது என்று ஹாக்கிங் சொன்னதற்கு இதுவரை கிடைத்ததில் வலுவான சான்று இது.

உறுதியில்லாத பக்கமும் உண்டு. 2023 நவம்பர் 23 அன்று 100, 140 சூரிய நிறைக்கு அருகான இரண்டு கருந்துளைகள் சேர்ந்து 225 நிறையுள்ள ஒன்றாயின. ஒரு விண்மீன் தன் ஆயுள் முடிவில் இடிந்து விழுந்து இந்த எடையில் கருந்துளை ஆவது கடினம் என்கிறது நமக்குத் தெரிந்த கோட்பாடு. சுமார் 60-லிருந்து 130 வரை ஓர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது அதன் கணிப்பு. அப்படியானால் இவை ஏற்கெனவே ஒருமுறை இணைந்த கருந்துளைகளா, கோட்பாட்டில்தான் பிசகா? இன்னும் முடிவாகவில்லை. இப்படித் திறந்து கிடக்கும் கேள்விகள்தான் ஒரு மாணவிக்கு வேலை.

இனி திசை விஷயம். லைகோ இந்தியாவின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவை நாளில் கூட்டத்துக்குள் நின்று எதுவும் தெரியாவிட்டாலும், தல்லாகுளத்தில் வேட்டு போட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்று இரண்டு காதும் சேர்ந்து சொல்லிவிடும். ஈர்ப்பு அலையிலும் அதே வழிதான்: எந்த நிலையத்துக்கு முதலில் வந்தது, எவ்வளவு நேரம் கழித்து அடுத்ததற்கு வந்தது. அமெரிக்க நிலையங்கள் இரண்டுக்கும் இடையே 3,000 கிலோமீட்டர். அதிகபட்ச நேர வித்தியாசம் 10 மில்லி நொடி. 2015 நிகழ்வில் அது 7 மில்லி நொடி. அந்த இரண்டு நிலையங்களை மட்டும் வைத்துக்கொண்டு அறிவித்த திசை சுமார் 600 சதுர பாகை அகலம், முழு நிலா மூவாயிரம் அடுக்கலாம். எந்தத் தொலைநோக்கியை எங்கே திருப்புவது?

2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது நிலைமை மாறியது. இரண்டு லைகோவும் சேர்ந்து 190 சதுர பாகை என்றன. இத்தாலியின் விர்கோ கருவியும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் சமிக்ஞை கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. அந்த நிசப்தமே துப்பாயிற்று. அந்தக் கருவிக்குக் கேட்காத திசைகள் சில உண்டு. அலை அந்த மூலையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பரப்பு சுமார் 30 சதுர பாகையாகச் சுருங்கியது. சில மணி நேரத்தில் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள என்ஜிசி 4993 என்ற விண்மீன் கூட்டத்தில் புது ஒளியைப் பிடித்துவிட்டார்கள். மோதலுக்கு 1.7 நொடி கழித்து காமாக் கதிர் வந்தது. ஈர்ப்பு அலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றே என்பது அதிலிருந்து மிகத் துல்லியமாக நிலைநாட்டப்பட்டது. அந்த ஒளியின் நிறமாலையில் ஸ்ட்ரான்ஷியம் என்ற கனத் தனிமம் இனங்காணப்பட்டது. நம் வீட்டுத் தாலிக்கொடியில் உள்ள தங்கம் போன்ற கனத் தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதில் இப்போது ஐயமில்லை; எல்லாத் தங்கமும் அங்கிருந்துதான் வந்ததா என்பதில் ஐயம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் 2019 ஏப்ரல் 25. அன்றும் இரட்டை நியூட்ரான் விண்மீன்கள்தான். ஹான்ஃபோர்டு அந்த நேரத்தில் ஓடவில்லை. லிவிங்ஸ்டன் மட்டுமே தெளிவாகக் கேட்டது. திசை 8,000 சதுர பாகைக்கு மேல், வானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உலகமே தேடியும் ஒளி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கருவி பராமரிப்புக்காகவோ நிலநடுக்கத்தாலோ நிற்பது அன்றாடம் நடப்பது. ஆகவே எத்தனை கருவி எங்கெங்கே இருக்கின்றன என்பது ஆடம்பரக் கேள்வி இல்லை. லைகோ இந்தியாவிலிருந்து அமெரிக்க நிலையங்களுக்கு அலை போகும் அதிகபட்ச நேரம் 35 மில்லி நொடிக்கு மேல். அடித்தளம் அவ்வளவு நீளும்போது திசையின் துல்லியமும் அதற்கேற்பக் கூடும், ஒன்று நின்றாலும் மற்றவை இருக்கும். இது வடிவியல், இதில் ஊகம் இல்லை.

அந்த லைகோ இந்தியா வருமா? இடம் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டம், ஔண்டா நாகநாத். ஜோதிர்லிங்கத் தலமாக நம்மூர் யாத்திரைக்காரர்களுக்குத் தெரிந்த ஊர். 2016 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது, 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதல். இந்தூரின் ஆர்ஆர்கேட் (லேசர் ஆராய்ச்சி மையம்), காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், புனேயின் ஐயூகா (வானியல் மையம்), அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவு ஆகியவை சேர்ந்து செய்கின்றன. நியூட்ரினோ திட்டத்தோடு ஒப்பிடுவது மதுரைக்காரருக்கு இயல்பு. அதற்கான மையம் வடபழஞ்சியில் வருவதாக இருந்ததே. ஆனால் தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் சிக்கல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் போடுவது பற்றியது; காடு, நீர், வனவிலங்கு, வழக்கு, மாநில அரசின் மறுப்பு என்று அது போயிற்று. லைகோ இந்தியா தரைக்கு மேல், சமவெளியில், ஆங்கில எல் வடிவத்தில் இரண்டு 4 கிலோமீட்டர் குழாய்கள். மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. கருவியின் நடுப்பாகங்கள், அதாவது கண்ணாடிகள், தொங்கல்கள், லேசர், அமெரிக்க லைகோ திட்டத்தில் மூன்றாவது தொகுதியாகச் செய்யப்பட்டவை. நிலம், கட்டடம், வெற்றிடக் குழாய் நம் பொறுப்பு. அந்த வெற்றிடம் எளிதல்ல: 1.2 மீட்டர் விட்டக் குழாய், மொத்தம் சுமார் 10,000 கன மீட்டர், உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எட்டு கிலோமீட்டர் வெல்டிங்கில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் ஹீலியம் விட்டுத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இலக்கு 2030. ஆனால் கட்டி முடிப்பது வேறு, கேட்கத் தொடங்குவது வேறு என்பதை உங்கள் மகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய லைகோ 2002 முதல் 2010 வரை ஓடி ஒரு நிகழ்வையும் பிடிக்கவில்லை. புதுப்பித்த லைகோ 2015-இல் எட்டிய தூரத்தை இரட்டிக்க எட்டு, ஒன்பது வருஷம் ஆயிற்று. விர்கோ சமீபத்திய சுற்றில் 18 கோடி ஒளியாண்டைத்தான் எட்டியது. ஜப்பானில் சுரங்கத்துக்குள் குளிர்வித்த நீலமணிக் கண்ணாடிகளோடு கட்டிய காக்ரா அதற்கும் வெகு கீழே, போதாக்குறைக்கு 2024 புத்தாண்டு நிலநடுக்கத்தில் சேதமும் பட்டது. எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். இரைச்சல் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், ஒன்றை அடக்கினால் அடுத்தது தெரியும். கண்ணாடியின் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகி அந்த இடம் மட்டும் வீங்கும், ஒளி சிதறும், சக்தியை ஏற்ற முடியாது; கைகளுக்குள் 750 கிலோவாட் சுழல வேண்டும் என்று திட்டமிட்டு அதில் பாதியில் நிற்பதற்கு இப்படிப்பட்டவையும் காரணம். லைகோ இந்தியா நல்ல உணர்திறனை அடைவது 2030-களின் நடுவில் என்று எதிர்பார்ப்பது நியாயமாக இருக்கும். இது என் கணிப்பு. இப்போது இரண்டாம் வருஷம் படிப்பவர் பிஎச்.டி. முடிக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான்.

அதற்கு அப்பால் எதிர்காலம் எங்கே போகிறது என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால், தாழ்வான அதிர்வெண். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கும்போது அலையின் அதிர்வெண் ஏறிக்கொண்டே வரும். 30 ஹெர்ட்ஸில் கேட்கத் தொடங்கினால் மோதலுக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம்தான் இருக்கும். 10 ஹெர்ட்ஸில் கேட்டால் சுமார் 17 நிமிஷம். 3 ஹெர்ட்ஸில் கேட்டால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். அத்தனை நேரம் முன்னதாகத் தெரிந்தால் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு மோதலையே பார்க்கலாம்.

ஆனால் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிலம் நம்மை விடாது. ஊசலில் தொங்கும் கண்ணாடி அதன் இயல்பு அதிர்வெண்ணுக்கு மேலேதான் நில அதிர்வை வடிகட்டும். 25 சென்டிமீட்டர் ஊசலுக்கு அது 1 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸில் நூறில் ஒன்றாகக் குறைக்கும். லைகோவில் நான்கு அடுக்கு ஊசல், கடைசியில் 40 கிலோ கண்ணாடி, அதைத் தாங்குவது 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு சிலிக்கா இழைகள். நான்கு அடுக்கும் சேர்ந்து 10 ஹெர்ட்ஸில் கோடிக்கணக்கான மடங்கு குறைக்கும், 2 ஹெர்ட்ஸில் அதில் மிகச் சிறு பங்குதான். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று: நிலம் அதிரும்போது மண்ணின் அடர்த்தி மாறுகிறது, அந்த மண்ணின் ஈர்ப்பு விசை கண்ணாடியை நேரடியாக இழுக்கிறது. ஈர்ப்புக்குத் திரை கட்ட முடியாது. சுற்றிலும் அதிர்வு அளவிகளை நட்டுக் கணக்கிட்டுக் கழிக்கலாம், அல்லது நிலத்துக்கு அடியில் போய்விடலாம். ஐரோப்பாவின் ஐன்ஸ்டைன் டெலஸ்கோப் திட்டம் 200, 300 மீட்டர் ஆழத்தில் 10 கிலோமீட்டர் முக்கோணமாகவோ, 15 கிலோமீட்டர் எல் வடிவில் இரண்டாகவோ அமையும் என்று பேசப்படுகிறது. உறைகுளிரில் சிலிக்கான் கண்ணாடிகள். அமெரிக்காவின் காஸ்மிக் எக்ஸ்புளோரர் தரைமேல் 40 கிலோமீட்டர் கை. இவை கட்டப்பட்டால் கருந்துளை இணைப்புகளை முதல் விண்மீன்கள் பிறந்த காலம் வரைக்கும் பின்னோக்கிக் கேட்கலாம். கட்டப்பட்டால் என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். இரண்டுக்கும் முழுப் பணம் இன்னும் உறுதியாகவில்லை. 2025-இல் அமெரிக்க அரசு முன்வைத்த செலவுத் திட்டம் இருக்கும் இரண்டு லைகோவில் ஒன்றை மூடும் அளவுக்கு வெட்டு கேட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஒப்பீட்டில், விண்வெளியில் மிதக்கப்போகும் ஈர்ப்பு அலைக் கருவியான லிசாவின் கால் உறுதியாக ஊன்றியிருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் இதை முறைப்படி ஏற்றது. ஏவ எண்ணியிருக்கும் ஆண்டு 2035. மூன்று விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர், உள்ளே 46 மில்லிமீட்டர் பக்கமுள்ள தங்க-பிளாட்டினக் கட்டிகள் எதையும் தொடாமல் மிதக்கும். 2015 டிசம்பரில் ஏவிய சோதனைக் கலம் இது நடக்கும் என்று எதிர்பார்த்ததைவிட நன்றாகவே காட்டிவிட்டது. லிசாவுக்கு இருக்கும் பெரிய அனுகூலம், கேட்கப்போகும் சில மூலங்கள் ஏற்கெனவே தெரிந்தவை. எச்எம் கேன்கிரி என்ற இரட்டை வெண் குறுமீன்கள் (எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் மிச்சங்கள்) 321 நொடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அலையின் அதிர்வெண் அதற்கு இரட்டிப்பு, சுமார் 6.2 மில்லிஹெர்ட்ஸ். கருவி ஓடத் தொடங்கியதும் அந்த இடத்தில் அந்தச் சமிக்ஞை தெரியாவிட்டால் கோளாறு கருவியில்தான் என்று சொல்லிவிடலாம். தரைக் கருவிகளுக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

இன்னும் கீழே போனால் நானோஹெர்ட்ஸ், அலை ஒன்று கடக்கப் பல வருஷம். அதற்குக் கருவி, கடிகாரம் போலச் சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன்களான பல்சார்களே. பல பத்து பல்சார்களின் துடிப்பு நேரத்தைப் வருஷக்கணக்கில் குறித்துவைத்து, 2023 ஜூனில் அமெரிக்க, ஐரோப்பிய-இந்திய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரு பின்னணி முனகலுக்கான சான்றை வெளியிட்டன. இந்தியப் பங்கு புனே மாவட்டத்து நாராயண்காவ் அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியிலிருந்து வந்தது; தாழ்ந்த ரேடியோ அதிர்வெண்ணில் விண்வெளி எலக்ட்ரான்களால் வரும் தாமதத்தைப் பிரித்தெடுக்க அது நன்றாகக் கைகொடுக்கிறது. சான்று என்று சொன்னேன், கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான ஐந்து சிக்மாவை (இது தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) அதன் புள்ளியியல் வலு தொடவில்லை. ராட்சதக் கருந்துளை இணைகளா, அண்டத்தின் ஆரம்ப காலத்து மிச்சமா என்பதும் தெரியாது. லைகோ இந்தியா எவ்வளவு தாமதமானாலும் இந்த வேலை இன்றைக்கே நம் நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

உறுதியாக நம்ப வேண்டாம் என்று நான் எச்சரிக்கும் ஒன்று, அண்டம் விரியும் வேகத்தை ஈர்ப்பு அலை சீக்கிரம் தீர்த்துவைக்கும் என்ற பேச்சு. சுமார் 33 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவில், ஒரு முறைப்படி அது 67, இன்னொரு முறைப்படி 73. 2017 நிகழ்விலிருந்து கிடைத்தது 70, ஆனால் கூடினால் 12, குறைந்தால் 8 என்ற பிழையோடு. இரண்டையும் அது தழுவிக்கொள்கிறது. பிழையைச் சுருக்க ஒளியோடு கூடிய நிகழ்வுகள் பல பத்து வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாமல் கிடைத்தது இதுவரை அந்த ஒன்றே.

இப்போது உங்கள் மகள் விஷயம். கல்லூரி மாணவர்களை இந்தத் தரவுகளில் பழக்கும் வேலையில் இருப்பதால் குறிப்பாகவே சொல்கிறேன். லைகோ இதுவரை வெளியிட்ட தரவு அதன் திறந்த அறிவியல் மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் நிகழ்வின் 32 நொடிக் கோப்பு, நொடிக்கு 4,096 அளவீடு, ஏறக்குறைய ஒரு மெகாபைட். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறங்கிவிடும். நல்ல லேப்டாப் இல்லாவிட்டால் இணையத்திலேயே நிரலை ஓட்டும் கூகுள் கொலாப் போதும். பைத்தான் நிரல்மொழி தெரிய வேண்டும், கூடவே ஜிடபிள்யூபை என்ற நூலகம். முதலில் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இரைச்சல் எவ்வளவு என்று 4 நொடித் துண்டுகளாக வெட்டிச் சராசரி எடுக்க வேண்டும். அந்த இரைச்சலால் தரவை வகுத்துச் சமப்படுத்த வேண்டும். பிறகு 35-லிருந்து 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டி, 60, 120, 180 ஹெர்ட்ஸில் தெரியும் கோடுகளை நீக்க வேண்டும். அவை அமெரிக்க மின்சாரத்தின் முத்திரை. லைகோ இந்தியாவில் அதே தொல்லை 50, 100, 150-இல் வரும். 500 ஹெர்ட்ஸ் அருகே கொத்தாகத் தெரிவது கண்ணாடியைத் தாங்கும் இழைகள் தந்தி மாதிரி அதிர்வது. இவ்வளவும் செய்தால் இரண்டு நிலையங்களிலும் அந்த 0.2 நொடித் துடிப்பு கண்ணுக்கே தெரியும்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். சமப்படுத்தும்போது துண்டின் முதல் சில நொடியும் கடைசிச் சில நொடியும் கெட்டுப்போகும். அங்கே தெரியும் பெரிய அலையைச் சமிக்ஞை என்று நினைத்துவிடுவார்கள். ஒரு பக்கமாக மட்டும் ஓடும் வடிகட்டியைப் போட்டால் சமிக்ஞை நேரத்தில் நகர்ந்துவிடும்; முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டினால்தான் துடிப்பு வந்த நேரம் சரியாக வரும். ஹான்ஃபோர்டு பதிவைத் தலைகீழாக்காமல் லிவிங்ஸ்டனோடு ஒட்டிப் பார்த்தால் பொருந்தாது, ஏனென்றால் இரண்டின் கைகளும் வெவ்வேறு திசை பார்த்தவை. அடுத்த படி, அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரங்களைக் குறித்து அதிர்வெண் கண்டு, அதன் மைனஸ் 8/3 அடுக்கை நேரத்துக்கு எதிராக வரைவது. புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அதன் சாய்விலிருந்து இரண்டு கருந்துளைகளின் நிறைகளும் ஒரு குறிப்பிட்ட சூத்திரப்படி கலந்த சிர்ப் நிறை வரும் (இது அவற்றின் கூட்டுத்தொகை அல்ல). சுமார் 30 சூரிய நிறை கிடைத்தால் கணக்கு சரி. புத்தகத்தில் 28 என்று இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்: அண்ட விரிவால் அலை நீண்டிருக்கிறது, 1.09-ஆல் வகுத்தால் 28. இதைத் தன் கையால் ஒருமுறை முடித்த மாணவியிடம் நேர்முகத் தேர்வில் பேச ஏராளம் இருக்கும்.

பிறகு 2017 ஆகஸ்ட் நிகழ்வை எடுக்கட்டும். மோதலுக்கு ஒரு நொடி முன்னால் லிவிங்ஸ்டனில் ஒரு கிளிட்ச், கருவியின் சொந்தத் திக்கல், சமிக்ஞையின் மேலேயே விழுந்திருக்கிறது. அதை நீக்காமல் எதுவும் செய்ய முடியாது. கிளிட்சுகளை வகைப்படுத்தும் கிராவிட்டி ஸ்பை என்ற பொதுமக்கள் திட்டத்தில் யாரும் பதிவு செய்துகொண்டு பங்கேற்கலாம்; கண் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கணினிப் பக்கம் மட்டும் போதாது. பி.எஸ்சி. ஆய்வகத்தில் இருக்கும், ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர்தான் லைகோவின் அடிப்படை. சோடியம் விளக்கை எடுத்துவிட்டு ஹீலியம்-நியான் லேசரை வைத்து, ஒளியும் இருளுமான வரிகள் விழும் இடத்தில் ஒரு ஃபோட்டோடையோடு வைத்து அலைகாட்டியில் பார்க்கட்டும். கண்ணாடி 316 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு வரி கடக்கும். கோரிப்பாளையம், பெரியார் நிலையம் மாதிரி சாலையோரக் கட்டடமானால் டவுன் பஸ் போகும்போதெல்லாம் வரிகள் ஆடும். தடித்த கடப்பைக் கல்லை ஸ்கூட்டர் ட்யூபின் மேல் வைத்து அதன்மேல் கருவியை வைத்தால் பத்து ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஆட்டம் அடங்கும், ஓரிரு ஹெர்ட்ஸில் மாறாகக் கூடிவிடும். ட்யூபில் காற்றை அதிகம் அடித்தால் கெட்டியாகி எதையும் வடிகட்டாது. மின்விசிறியை நிறுத்தாமல் அளந்தால் காற்றே வரிகளை அலைக்கழிக்கும். வெற்றிடம் ஏன் தேவை என்பது அப்போது புரியும். ஒரு கண்ணாடியை, மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் பீசோவில் ஒட்டி, ஆப்-ஆம்ப் சுற்றால் பின்னூட்டம் கொடுத்து வரியை ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டினால், மூன்றாம் வருஷ புராஜெக்டாக அதை எந்த ஆராய்ச்சி நிறுவனமும் மதிக்கும்.

படிப்பு வழி: எம்.எஸ்சி.க்கு ஐஐடி ஜேம் தேர்வு, பிஎச்.டி.க்கு ஜெஸ்ட், நெட், கேட். தமிழ்நாட்டிலேயே சிறுசேரியின் சென்னைக் கணிதக் கழகத்திலும் ஐஐடி மெட்ராஸிலும் லைகோ கூட்டமைப்பில் இருக்கும் குழுக்கள் உண்டு. வெளியே பெங்களூர் ஐசிடிஎஸ் (ICTS, கோட்பாட்டு அறிவியல் மையம்), புனே ஐயூகா. வானியல் கோட்பாட்டில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். ஒளியியல், வெற்றிடத் தொழில்நுட்பம், கட்டுப்பாட்டுச் சுற்றுகள், தரவு ஆய்வு ஆகியவற்றில் கை தேர்ந்தவர்களுக்கு லைகோ இந்தியாவிலும் ஆள் தேவை, அது தாமதமானால் விண்வெளித் துறையிலும் குறைகடத்தித் தொழிலிலும் தேவை. முதல் வருஷத்தில் விட்டுப்போயிருந்தால் அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றத்தையும் நிகழ்தகவையும் இந்த விடுமுறைக்குள் சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். 32 நொடிக் கோப்பைத் திறந்ததும் முதலில் தேவைப்படுபவை அவை இரண்டும்தான். வரைபடம் நேர்கோட்டில் விழவில்லை என்றால் நிரலையும் படத்தையும் இந்தப் பதிலுக்குக் கீழேயே போடச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.